கடமை என்றொரு மான்

உதகமண்டலத்தைச் சூழ்ந்திருக்கும் மலைகளில் ஒன்றுக்கு எல்க் ஹில் என்று பெயர். புதுச்சேரியிலிருந்து கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் அங்குள்ள முருகன் கோயிலுக்கு ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். அந்த மலையில் எல்க் என்ற விலங்கு எந்தக் காலத்திலும் மேய்ந்ததில்லை. துப்பாக்கியோடு நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நம் கடமானுக்குச் சூட்டிய பெயர் அது.

ஐரோப்பாவில் எல்க் என்றால் அகன்ற தட்டையான கொம்புள்ள ஒரு பெருவிலங்கு. அமெரிக்காவில் அதற்கு மூஸ் என்று பெயர். வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் எல்க் என்ற பெயரை அங்கிருந்த வேறொரு பெரிய மானுக்கு வைத்தார்கள். பூர்வகுடிகளின் ஷானி மொழியிலிருந்து அந்த மானுக்கு வந்த பெயர் வாபிட்டி. ராக்கி மலையோரத்து ஊர்க்காரர்கள் இன்று இலையுதிர் காலத்தில் வில்லெடுத்துத் தேடிப்போவது இந்த வாபிட்டியைத்தான். அதே ஆங்கிலேயர்களின் சோதரர்கள் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது மூன்றாவதாக ஒரு விலங்கு அந்தப் பெயரைச் சுமந்தது. 1886இல் வெளிவந்த ஆப்சன் ஜாப்சன் அகராதி, சாம்பர் என்பதே தென்னிந்திய வேட்டைக்காரர்களின் எல்க் என்று எழுதிவைத்திருக்கிறது. சாம்பர் என்ற சொல்லும் நம்முடையதன்று. வடமொழியின் சம்பரம் இந்தி வழியாக வந்தது.

நம் சொல் எது? கடமா, கடமான், கடம்பை, கடமை என்று தமிழ் அகராதிகள் நான்கு வடிவங்கள் தருகின்றன. இவற்றில் கடமாவை உடைத்துப் பொருள் சொல்வது எளிது: கடம் என்றால் காட்டு வழி, மா என்றால் விலங்கு. எனக்கு இந்தப் பிரிப்பில் நம்பிக்கை இல்லை. கன்னடத்தில் இதே விலங்கு கடவெ. குடகு மொழியில் கடமெ. இந்த இரண்டிலும் ‘மா’ இல்லை. இரண்டும் தமிழில் நேராகப் பொருந்துவது கடமை என்ற வடிவத்தோடுதான். தொல்காப்பிய மரபியலும் கடமை என்றே சொல்கிறது. யானை, குதிரை, கழுதை, மான் ஆகியவற்றோடு கடமையையும் சேர்த்து, இவற்றின் குட்டிக்குக் கன்று என்ற பெயர் உரியது என்கிறது. மானைத் தனியே சொல்லி, கடமையையும் தனியே சொல்வதைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்தவருக்கு இது புள்ளிமான் போன்ற மான் அல்ல. கருந்தவிட்டு நிறம், பிடரியில் சிலிர்த்த மயிர், ஒவ்வொரு கொம்பிலும் மூன்று கிளை, கால்நடையை ஒத்த உடற்கட்டு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் கழுத்தின் அடிப்புறத்தில் மயிர் உதிர்ந்து, புண்போலச் சிவந்து நீர் கசியும் வட்டம் ஒன்று தோன்றும். புலியின் வாடை பட்டால் முன்காலைத் தரையில் ஓங்கி மிதிக்கும். ஒரே அதட்டலாகக் குரல் கொடுக்கும்.

செய்யவேண்டிய பணி என்ற பொருளில் கடமை வழக்கில் ஓங்கிய பிறகு, விலங்கின் பெயருக்கு இடமில்லாமல் போயிருக்கவேண்டும். குழப்பம் தீரத்தான் மா என்றும் மான் என்றும் பின்னால் ஒட்டிக்கொண்டன என்பது என் கணிப்பு. தெற்கே நெல்லை, குமரிக் காடுகளில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே அது மிளா, மலையாளத்தில் மிலாவு.

ஈழத்துக்குப் போனால் பெயர் மரை. வன்னியில் மரை இறைச்சி வத்தலைப் பற்றிப் பேசாத பழைய வேட்டைக்கதை கிடையாது. சங்கப் பாடல்களில் இந்த மரை பலமுறை வருகிறது. குறுந்தொகையின் 235ஆம் பாட்டில் மரைக்கூட்டம் மலைக்குடிசையின் முற்றத்திலேயே நின்று நெல்லிக்காய் தின்கிறது. தொல்காப்பியம் பசுவோடும் எருமையோடும் சேர்த்து, மரையின் பெண்ணையும் ஆ என்கிறது. மரையை வேறு விலங்காகக் கொள்வோரும் உண்டு. ஆனால் ஒரு தமிழ் நிலம் அந்தச் சொல்லை விடாமல் வைத்திருந்து, இன்றும் ஒரே விலங்கைக் காட்டுகிறது. உரைகாரர் ஊகத்தைவிட அந்த வழக்கையே நான் நம்புவேன்.

அதே தீவின் வேடர்கள் மரையை வில்லால் வீழ்த்தியவர்கள். ஏறத்தாழ ஆறடி உயர வில். அம்பின் முனையில் அகன்ற இரும்புத் தகடு. அந்த இரும்பு அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை, கண்டி அரசில் பல ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். இரவில் வந்து கொல்லன் பட்டறையில் ஒரு சுமை இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், தங்களுக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தில் நறுக்கிய இலை ஒன்றையும் தொங்கவிடுவார்கள். அந்த அளவுக்கு அடித்துக்கொடுத்தால் இன்னும் இறைச்சி வரும். அடிக்காவிட்டால் ஏதோ ஓர் இரவில் இருட்டிலிருந்து அம்பு வரும். மிஞ்சிய இறைச்சியை மரப்பொந்தில் தேனூற்றி அடைத்து, களிமண்ணால் மூடிப் பஞ்சகாலத்துக்கு வைப்பார்களாம்.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் அதே மரையை நாய்களை ஏவித் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றார். அவருடைய வேட்டை நூலில் முழுக்க எல்க், எல்க் என்றே இருக்கும். நுவரெலியாவுக்கு அருகே எல்க் சமவெளி என்று ஓரிடமே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அந்த விலங்கை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் விடை கிடைத்திருக்கும்.

எங்கள் புதுச்சேரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1816இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைத் திரும்பப் பெற்றபோது, லெஷெனோ தெ லா தூர் என்ற தாவரவியலாளர் இங்கே வந்து சேர்ந்தார். 1819இல் நீலகிரிக்கும் ஏறினார். 1822இல் பிரான்சுக்குத் திரும்பினார். மறு ஆண்டே கூவியே என்ற பெரும் விலங்கியலறிஞர், சோழமண்டலக் கரையின் கடமானுக்கு லெஷெனோவின் பெயரை வைத்து நூலேற்றினார். வங்காளத்துக் கடமானைத் தனி இனமென்று எண்ணி, அதற்கு அரிஸ்டாட்டிலின் பெயரைச் சூட்டியவரும் அவரே. கன்னட அகராதியில் கிட்டல் பாதிரியார் கடவெக்கு எழுதிய பொருளில் அந்த அரிஸ்டாட்டில் வந்து நிற்கிறார். ஆனால் 1792இலேயே கெர் என்ற விலங்கியலாளர், இலங்கை விலங்கைக்கொண்டு யூனிகலர் என்று பெயரிட்டிருந்தார். முந்தியதே செல்லும் என்பது விலங்கியல் விதி; லெஷெனோ பெயர் மானிடமிருந்து நழுவியது. புதுச்சேரியிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவாலிடம் அவர் பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் கடமானை வில்லாலும் தொடமுடியாது, துப்பாக்கியாலும் தொடமுடியாது. 2008 முதல் உலகச் செம்பட்டியலிலும் அது அழியும் வாய்ப்புள்ள இனம். அதைப் பற்றி இனி எழுதப்போகிறவர்கள் வேட்டைக்காரர்கள் அல்லர். மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், வனத்துறைக்காரர்கள். அவர்கள் அகராதியைத் திறந்து கடமாவுக்கு எல்க் என்று பார்க்கிறார்கள். கணினியில் எல்க் என்று தேடினால் பனிமலையில் நிற்கும் அமெரிக்க விலங்கின் படம் வருகிறது. புதிய பதிப்பு கொண்டுவருகிறவர்கள் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, கடமானுக்குப் பக்கத்தில் மரை, மிளா இரண்டையும் எழுதிவைக்கட்டும். அமெரிக்க மானுக்கு வாபிட்டி இருக்கவே இருக்கிறது.