ஏட்டில் ஏறாத நினைவுகள்

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது தோன்றியது 1981 செப்டம்பர் 15 அன்று. முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம். தொடக்கத்தில் அரண்மனைக் கட்டடங்களில் இயங்கியது. பின்னர், நகருக்கு வெளியே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் வளாகத்தில் குடியேறியது. இவையெல்லாம் ஏட்டில் உள்ளன.

வலங்கைமான் பக்கத்திலிருந்து அங்குச் சென்றுவந்தோரிடம் அமர்ந்து கேட்டால், வேறொரு வரலாறு விரிகிறது. வண்டல் வயலில் கால் புதைய நடந்து பழகிய நமக்கு, அந்தச் செம்மண் மேடு அயல்நாடாகவே தோன்றிற்று. ஆய்வு மாணவராய்ச் சென்றவர் நூலகத்தின் அமைதியை நினைவுகூர்கிறார். கட்டட வேலைக்குச் சென்றவரோ நிழலற்ற வெயிலையும் செங்கல் சுமந்த தோளையும் நினைவுகூர்கிறார். 1995 சனவரியில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு தஞ்சையில் கூடியபோது, ‘நான் சுமந்த கல்லும் இங்கே இருக்கிறது’ என்ற பெருமிதம் அவருக்கு. ஆண்டுகளை அவர் மாற்றிச் சொல்லலாம். அன்று வாங்கிய கூலியை மறக்கவில்லை.

வாழ்வியலுக்கும் அறிவியலுக்கும் தனித்தனியே களஞ்சியங்கள் கண்டது அப்பல்கலைக்கழகம். அவற்றின் தொகுதிகளைப் புரட்டினாலும் இவருடைய பெயர் கிடைக்காது. குறை களஞ்சியத்தினுடையதன்று, கேளாதிருந்த நம்முடையது.

அத்தலைமுறை முதுமை எய்திவிட்டது. இன்று நம் கைப்பேசியிலேயே குரலைப் பதிந்து வைக்கலாம். இந்த ஞாயிறு மாலை, நம் தெருத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் அருகே சற்று அமர்வோம், கேட்போம்.