காகிதத்தைக் கைவிட்ட லண்டன்

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் வாட்டர்லூ கட்டுப்பாட்டு அறையில் வெகுகாலம் எல்லாமே காகிதம்தான். அழைப்பை எடுப்பவர் விவரத்தைப் படிவத்தில் எழுதுவார். வரைபடப் புத்தகத்தைப் புரட்டி இடத்தைக் குறிப்பார். படிவம் கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் போகும். ஒரே விபத்துக்கு நாலு பேர் போன் செய்திருந்தால், படிவங்களைப் பிரிப்பவர் கண்டுபிடித்துக் கழித்துவிடுவார். மெதுவான ஏற்பாடுதான். ஆனால் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளலாம்.

1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை, இந்த வேலை மொத்தமும் கணினியின் கைக்குப் போனது. தீர்க்கப்படாத குறைகள் 81 பட்டியலில் இருந்தன. முழுச் சுமையில் சோதனை நடக்கவில்லை. பயிற்சி முடிந்து வெகுநாளாகிவிட்டதால் பலருக்குப் பாதி மறந்திருந்தது. போதாக்குறைக்கு இருக்கைகளையும் மாற்றிப்போட்டு, சேர்ந்து வேலை பார்த்தவர்களைப் பிரித்துவிட்டார்கள்.

வண்டிகளின் நிலவரம் ரேடியோவில் சரியாக வந்து சேரவில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. அருகில் நின்றதை விட்டுத் தொலைவில் நின்றது போனது. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, பழையவை திரையைவிட்டே மறைந்தன. வண்டி வராததால் மக்கள் மறுபடி அழைக்க, வரிசை இன்னும் நீண்டது. மறுநாள் பிற்பகல் பாதி கணினி, பாதி காகிதம் என்ற முறைக்குத் திரும்பினார்கள். தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

இதில் வேடிக்கை, அந்த இரண்டு நாளும் கணினி நின்றுபோகவில்லை. வடிவமைத்தபடிதான் ஓடியது என்றது 1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை.

நிஜமாகவே அது நின்றது நவம்பர் 4, பின்னிரவு இரண்டு மணிக்குமேல். சுமார் மூன்று வாரத்துக்கு முன் ஒரு திருத்தம் செய்த நிரலாளர், தேவையற்ற வரிகளை நீக்காமல் விட்டிருந்தார். ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சர்வரின் நினைவகம் கொஞ்சம் கரைந்தது, திரும்பிக் கிடைக்கவில்லை. தீர்ந்ததும் திரைகள் உறைந்தன. மாற்று சர்வர் இருந்தது. அச்சுத்தாள் இல்லாத புது முறையில் அதை யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை, அது கைகொடுக்கவில்லை. கடைசியில் காகிதமே காப்பாற்றியது.

புதுக் கணினிச் சேவைகளை அன்றாடப் பராமரிப்பில் ஒப்படைக்கும் முறைகளைச் சொல்லும் ‘ஐடில்’ நூல்வரிசையை 1980களின் இறுதியிலேயே வெளியிடத் தொடங்கியது பிரிட்டிஷ் அரசுதான். அதே நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் இப்படி நடந்தது.

இரண்டாம் முயற்சியில் அவசரமே இல்லை. புது மென்பொருளைச் சேவையின் சொந்த ஆட்கள் எழுதினார்கள். கட்டுப்பாட்டு அறை ஊழியர்களிடம் கேட்டுக்கேட்டு மாற்றினார்கள். கட்டம் கட்டமாக, ஒன்று பழகிய பிறகே அடுத்தது. அது 1996இல் இயங்கத் தொடங்கியது. மறுவருடம் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டியின் விருதும் பெற்றது.