சான்றிதழ் கடல் தாண்டும்போது



சாதாரண தர, உயர் தரப் பெறுபேறுகள் வெளியானதும் ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், இந்த வெளிநாட்டு டிகிரி செல்லுபடியாகுமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. இதற்குப் பெரிய வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

மொரோக்கோவின் தன்ஜாவில் பிறந்த இப்னு பதூதா டில்லியில் காழியாக இருந்தார். பிறகு மாலைதீவிலும் காழியானார். 1344இல் நம் நாட்டுக்கு வந்து பாவாதமலை ஏறினார். எங்கோ மேற்கில் படித்தவரை டில்லி எப்படி நம்பியது? அன்று இஜாஸா என்ற முறை இருந்தது. எந்த ஆசிரியரிடம் எந்த நூலை ஓதினார், அந்த ஆசிரியர் யாரிடம் ஓதினார் என்று சங்கிலியாகச் சொல்லும் அனுமதிப் பத்திரம் அது. கட்டடத்தின் பெயரைவிட உஸ்தாதின் பெயருக்கே மதிப்பு. கீழக்கரையிலிருந்து வந்து இங்கே பணி செய்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோரை நம் முன்னோர் ஏற்றுக்கொண்டதும் இந்த நம்பிக்கையில்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் நம்பிக்கை ஆளிடமிருந்து நிறுவனத்துக்கு மாறியது. 1857இல் மதராஸ் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். செமினரியின் கல்வி தரமானது, ஆனால் பட்டம் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. படிப்பு இங்கே, முத்திரை அக்கரையில். நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் இது நெடுங்காலம் தொடர்ந்தது.

1870இல் கொழும்பில் மருத்துவப் பாடசாலை திறந்தார்கள். 1880இல் அது கல்லூரியாகி எல்.எம்.எஸ். தகைமை கொடுத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிரித்தானிய மருத்துவச் சபை அதை ஏற்றது. கொழும்பில் படித்த டொக்டர் லண்டனிலும் தொழில் செய்யலாம் என்ற நிலை வந்தது. இன்று நிலைமை வேறு. நம் எம்.பி.பி.எஸ். பட்டத்தை மட்டும் காட்டி அங்கே வேலை செய்ய முடியாது. பிளாப் போன்ற பரீட்சை எழுத வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வரும் நம் பிள்ளைகளும் இலங்கை மருத்துவச் சபைக்காக, முன்பு 'அக்ட் 16' என்று நாம் சொல்லிப் பழகிய பரீட்சையை, இப்போது ஈ.ஆர்.பி.எம். என்ற பெயரில் எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் கிடைத்த அங்கீகாரம் என்றைக்கும் நிற்கும் என்று யாரும் நினைக்கக் கூடாது.

1921இல் தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தபோதும் பட்டம் லண்டனுடையதுதான். ஸாஹிராவின் அதிபராகப் பின்னர் விளங்கிய, சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களும் அங்கே படித்து லண்டன் பட்டம் பெற்றவர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பிறகுதான் நம் மண்ணிலேயே பட்டம் கொடுக்கும் அதிகாரம் வந்தது. மற்றவர் முத்திரைக்காகக் காத்திருந்த நாடு, மற்றவர் முத்திரையைச் சோதிக்கும் நாடாகவும் மாறியது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இன்று வோட் பிளேஸில் இருந்து அந்த வேலையைச் செய்கிறது.

நம் சமூகத்துக்கு இதில் தனி வலி ஒன்றும் உண்டு. மத்ரஸாவில் ஏழெட்டு வருடம் ஓதி, அல் அஸ்ஹருக்கோ மதீனாவுக்கோ போய் வந்த மௌலவி, ஊரில் பெரிய ஆலிம். ஆனால் அரச நியமன விண்ணப்பத்தில் "பட்டம்" என்ற கட்டத்தை நிரப்பும்போது கடிதத்துக்கு மேல் கடிதம் கேட்பார்கள். இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1973இல் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியோடு பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் மாணவர்களைத் தயார்படுத்தியது. இஜாஸாவும் வேண்டும், முத்திரையும் வேண்டும் என்ற தெளிவு அது.

இப்போது காலி வீதியின் விளம்பரப் பலகைகளுக்கு வருவோம். "அங்கீகரிக்கப்பட்டது" என்று அதில் இருக்கும் ஒரே சொல்லுக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூல், உலகப் பல்கலைக்கழகங்களின் சர்வதேசக் கைநூல் ஆகியவற்றில் பெயர் இருக்கிறதா என்பதே ஆணைக்குழு நீண்ட காலமாகப் பார்த்து வந்த அளவுகோல்.

இரண்டு, பல்கலைக்கழகம் சரி, இந்தக் குறிப்பிட்ட பாடநெறி எந்த மட்டத்துக்குச் சமம்? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். டிப்ளோமா அதற்கும் கீழே.

மூன்று, மருத்துவம், சட்டம் போன்ற தொழில் என்றால் அந்தத் தொழிலுக்குரிய சபை ஏற்குமா? ஆணைக்குழுவின் கடிதம் தொழில் உரிமம் ஆகாது.

நான்கு, கொழும்பில் வகுப்பு நடத்தும் நிறுவனத்துக்கும் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உடன்பாடு, பிள்ளை படித்து முடியும் வரை செல்லுபடியாகுமா?

வாப்பா மத்திய கிழக்கில் வியர்வை சிந்திய காசு, உம்மாவின் நகை, பிள்ளையின் மூன்று நான்கு வருடம். காசைத் திரும்ப உழைக்கலாம், வயதைத் திரும்ப வாங்க முடியாது. வெளிநாட்டுப் பட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் முன்னோர் பலரை உயர்த்தியதே அக்கரைப் பட்டம்தான். ஆனால் எந்த முத்திரை எங்கே செல்லும் என்பதைத் தெரிந்துகொண்டே அவர்கள் படித்தார்கள்.

ஆகவே முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பதிலை வாய்ப்பேச்சாக அல்ல, எழுத்தில் வாங்குங்கள். பிறகு அதை வோட் பிளேஸிலும் உரிய சபையிலும் நீங்களே நேரில் காட்டி உறுதிப்படுத்துங்கள். இங்கிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.