புயல் ஓய்ந்த பிறகு: வெலிங்டன், 1910

அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் கொண்டுபோன பனிச்சரிவு வாஷிங்டன் மாநிலத்தின் கேஸ்கேட் மலைத்தொடரில், வெலிங்டன் என்ற சின்ன ரயில் நிலையத்தில் நடந்தது. இறந்தவர்கள் 96 பேர். ஆனால் நான் இந்தக் குறிப்பை எழுதக் காரணம் அந்த எண் இல்லை, அது நடந்த நேரம்தான்.

1910 பிப்ரவரி கடைசி வாரம். ஸ்போகேனிலிருந்து சியாட்டிலுக்குக் கிளம்பிய ஒரு பயணிகள் ரயிலும் ஒரு தபால் ரயிலும் பனிப்புயலில் மாட்டிக்கொண்டன. ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு அடியில் போகும் 4 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி வெலிங்டன் வந்து நின்றன. அதற்கு மேல் வழியில்லை. கீழே பல இடங்களில் தண்டவாளத்தைப் பனி மூடிவிட்டது. பனியை வாரி வீசும் இயந்திர வண்டிகளும் சிக்கிக்கொண்டன, நிலக்கரி தீர்ந்துகொண்டே வந்தது, தந்திக் கம்பிகள் அறுந்தன.

ரயில்கள் நின்ற இடத்தைக் கவனிங்க. ஒரு பக்கம் செங்குத்தான சரிவு, மறுபக்கம் டை ஆற்றுப் பள்ளத்தாக்கு. மேலே இருந்த காடு ஏற்கெனவே தீயில் எரிந்துபோயிருந்தது. பனியைப் பிடித்து நிறுத்த மரங்கள் இல்லை. பயந்துபோன சில பயணிகள், ரயிலைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள். உள்ளே புகை மூச்சடைக்கும், குளிர் தாங்காது, வாயைப் பனி அடைத்தால் வெளியே வர முடியாது என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. சிலர் துணிந்து நடந்தே கீழே இறங்கித் தப்பித்தார்கள்.

கடைசியில் பனி கொட்டுவது நின்றது. வெப்பம் ஏறி மழை பெய்தது, இடி மின்னலும் வந்தது. மார்ச் 1, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் சரிவு மொத்தமாகப் பெயர்ந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களோடு இரண்டு ரயில்களையும் பள்ளத்தில் தள்ளியது. பிழைத்தவர்கள் 23 பேர்தான். இறந்தவர்களில் பாதிக்கு மேல் ரயில்வே தொழிலாளிகள்.

புயல் ஓய்ந்ததும் ஏன்? மலையில் பனி ஒரே கட்டியாகச் சேர்வதில்லை, அடுக்கடுக்காக விழுகிறது. கீழே சர்க்கரை மாதிரி உதிரியான ஓர் அடுக்கு இருந்து, அதன்மேல் புயல் ஒரு கனமான பலகையைப் போட்டால், அது நழுவக் காத்திருக்கும். புயல் நடக்கும்போதும் அடுத்த ஓரிரு நாட்களும்தான் ஆபத்து உச்சம். அதன்மேல் மழை விழுந்தால் எடையும் கூடும், பிடிப்பும் தளரும். நமக்கோ மழை விட்டால் வெளியே கிளம்பலாம் என்பதுதான் பழக்கம். மலைப்பனியில் அந்தக் கணக்கு செல்லாது.

இறந்த ஒருவரின் குடும்பம் வழக்கு போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1914-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இது மனித சக்திக்கு மீறியது, கம்பெனி பொறுப்பில்லை என்றது. கிட்டத்தட்ட 'எல்லாம் விதி' என்கிற தீர்ப்பு. ஆனா கம்பெனி அதை விதியென்று விட்டுவிடவில்லை. ஊர்ப் பெயரை 'டை' என்று மாற்றியது. தண்டவாளத்துக்கு மேல் கான்கிரீட் கூரை கட்டியது. 1929-ல் இன்னும் தாழ்வான மட்டத்தில் 12.5 கிலோமீட்டருக்குப் புதுச் சுரங்கம் திறந்து, பழைய பாதையையே கைவிட்டது. தடுக்க முடியாதது என்று கோர்ட்டில் சொன்னதைத் தடுக்க இவ்வளவு செலவு! என்னைப் பொறுத்தவரை உண்மையான தீர்ப்பு அந்தச் சுரங்கம்தான்.

இந்தக் கதை ரயிலோடு முடியவில்லை. இன்று அதே ஸ்டீவன்ஸ் கணவாயில் ஒரு பனிச்சறுக்கு மையம் இருக்கிறது. 2012 பிப்ரவரி 19 அன்று, புயல் கொட்டிய புதுப்பனியில் சறுக்க ஆசைப்பட்டு 16 பேர் மைய எல்லையைத் தாண்டி டனல் கிரீக் சரிவுக்குப் போனார்கள். எல்லோரும் தேர்ந்தவர்கள், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பலர் படித்தும் இருந்தார்கள். புதுப்பனிக்கு அடியில், முன்பே உறைந்த மெல்லிய உறைபனிப் படலம் ஒன்று இருந்தது. சரிவு பெயர்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

1910-ல் எச்சரிக்கை சொல்ல ஓர் அமைப்பு இல்லை. ரயில் பயணிகளில் பலருக்கு வேறு போக்கிடமும் இல்லை. 2012-ல் இரண்டும் இருந்தன. அறிவு வளர்ந்துவிட்டது. ஆனா புயல் ஓய்ந்து புதுப்பனி பளபளக்கும்போது, 'இன்னும் ரெண்டு நாள் பொறுப்போம்' என்று சொல்ல இன்னமும் கூட்டத்தில் ஒருத்தர் வேண்டியிருக்கிறது.