காரைச் செய்தவர் யார்? உள்நாட்டு உற்பத்தியும் தொழிற்சங்க உரிமையும்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்குள்ள தொழிற்பேட்டையின் சிறு கூடங்களில் உருவாகும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் மின்சார ஃபியூஸ் பீங்கான்களும் வெளியூர்ச் சந்தைகளுக்குச் செல்கின்றன. உள்ளூர்ப் பொருளை வாங்குவோம் என்னும் குரல் இந்த ஊருக்கு இயல்பானது, நியாயமானதும்கூட. ஆனால் அந்தப் பொருள் விற்றுவிட்டது என்பதாலேயே மண் பிசைந்தவருக்கும் சூளையில் நின்றவருக்கும் வைப்பு நிதியோ மருத்துவக் காப்பீடோ கிடைத்துவிடுவதில்லை. பொருள் எங்கே உருவானது என்பது ஒரு கேள்வி. எத்தகைய உரிமைகளுடன் உருவானது என்பது வேறொரு கேள்வி. கார் வாங்கும்போதும் இவ்விரு கேள்விகளையும் பிரித்துக் கேட்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இது வசதி படைத்தோரின் பேச்சு அன்று. தாட்கோ கடனில் வாடகை வண்டி வாங்கும் தலித் இளைஞரும், ஓய்வூதியப் பணத்தில் குடும்பத்தின் முதல் காரை வாங்கும் அரசு ஊழியரும் இன்று சந்தையில் இருக்கிறார்கள். அதே குடும்பங்களின் பிள்ளைகள் ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முடித்து ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலை தேடிச் செல்கிறார்கள். வாங்குபவரும் செய்பவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடும்.

'உள்நாட்டுக் கார்' என்றால் என்ன?

நிறுவனத்தின் பெயரை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஹூண்டாய் தென்கொரிய நிறுவனம். ஆனால் அதன் கார்கள் 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியாகின்றன. மாருதி 1981இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெரும்பான்மைப் பங்கு ஜப்பானின் சுசுகியிடம் உள்ளது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்தது. முதலாளி எந்த நாட்டவர் என்பதைவிட, ஆலை எங்கே இருக்கிறது, கூலி யாருக்குப் போகிறது என்பதே தொழிலாளருக்கு முக்கியம்.

காரின் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். பதினேழு இடங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் 'எம்ஏ' முதல் 'எம்இ' வரையிலான வரிசையில் இருந்தால், அது இந்தியத் தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்ட குறியீடு. ஆனால் அந்தக் காரை நிரந்தரத் தொழிலாளர் பூட்டினாரா, ஒப்பந்தத் தொழிலாளர் பூட்டினாரா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

சங்கம் எதைப் பெற்றுத் தருகிறது?

சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு வழங்குகிறது. 2025 நவம்பர் வரை 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் பதிவான சங்கத்துடன் நிர்வாகம் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இருக்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்க முயன்றவர் அம்பேத்கர். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், சங்கங்களுக்குக் கட்டாய அங்கீகாரம் அளிக்கும் திருத்த மசோதாவை 1943இல் கொண்டுவந்தார்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் போராட்டம் முடியவில்லை. சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. அவர்களின் முதன்மைக் கோரிக்கை சங்க அங்கீகாரம். சங்கத்தின் பதிவே 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. அது கார் ஆலை அன்று. ஆயினும் கார் ஆலைகள் சூழ்ந்த அதே தொழிற்பட்டையின் நிலைமையை அது காட்டுகிறது.

பேச்சுவார்த்தை நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதே பகுதியில் சான்று உண்டு. ஹூண்டாய் ஆலையில் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஊதிய ஒப்பந்தம், மூன்று ஆண்டுகளில் மாதத்துக்கு 31,000 ரூபாய் உயர்வை உறுதி செய்தது. கூட்டாகப் பேசாமல் தனித்தனியே மேலாளரின் மேசைமுன் நின்று எவரும் இத்தகைய உயர்வைப் பெற்றுவிட முடியாது.

ஆலை மூடப்படுவதைச் சங்கம் எப்போதும் தடுத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022 ஜூலையில் கார் உற்பத்தி நின்றது. அங்கே சங்கம் இருந்ததால், இழப்பீட்டுத் தொகையைக் கேட்டுப் போராடவும் பேசவும் தொழிலாளருக்கு ஒரு மேடை இருந்தது. சங்கம் இல்லாத இடத்தில் கணக்கு முடிப்புக் காசோலையே நிர்வாகத்தின் கடைசிச் சொல்லாகிவிடும்.

சங்கத்துக்கு வெளியே நிற்பவர்கள்

மேற்சொன்ன ஹூண்டாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 1,981. இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாக நிரந்தரத் தொழிலாளரையே காக்கின்றன. ஒப்பந்தக்காரர் மூலம் வருவோர், பயிற்சியாளர் என்ற பெயரில் உற்பத்தி வரிசையில் நிற்போர், உதிரிபாக ஆலைகளில் வேலை செய்வோர், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். தலித் தொழிலாளரை நாம் தேட வேண்டிய இடமும் இதுவே. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. நிரந்தர வேலைக்கான வாசல் குறுகும்போது, பரிந்துரைக்க ஆள் இல்லாதவரே முதலில் வெளியே நிற்கிறார்.

2012 ஜூலை 18 அன்று ஹரியானாவின் மானேசர் மாருதி ஆலையில் நிகழ்ந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். தலித் தொழிலாளர் ஒருவரை மேற்பார்வையாளர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதே அன்றைய மோதலின் தொடக்கம் என்றது தொழிலாளர் தரப்பு. தொழிலாளரே தாக்கினார் என்றது நிர்வாகம். மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். நூற்றுக்கணக்கான நிரந்தரத் தொழிலாளர் வேலையிழந்தனர். 2017இல் நீதிமன்றம் 117 பேரை விடுவித்தது. 31 பேரைக் குற்றவாளிகளென அறிவித்து, அவர்களில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நவீன உற்பத்தி வரிசைக்குள் சாதி நுழையாது என்று நம்புவோருக்கு அந்த வழக்கு ஓர் எச்சரிக்கை.

சங்கமும் சாதிக்கு அப்பாற்பட்டது அன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லாதிருந்ததை 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் எழுப்பினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1938 நவம்பர் 7 அன்று, தொழில் தகராறு மசோதாவுக்கு எதிரான வேலைநிறுத்தத்தைத் தலைமையேற்று நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். சங்கத்துக்குள் சமத்துவம் கேட்பதும் சங்க உரிமைக்காக வீதிக்கு வருவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு அவருடைய அரசியலே சான்று.

வாங்குபவர் செய்யக்கூடியவை

முதலாவதாக, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் 'வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை'யை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதோர் எத்தனை பேர், நிர்வாகம் அங்கீகரித்த சங்கத்தில் எத்தனை விழுக்காட்டினர் உறுப்பினர் என்ற விவரங்கள் அதில் உண்டு. மாருதி சுசுகி, டாட்டா, மகிந்திரா, ஹூண்டாய் ஆகியவற்றின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் படிப்பது கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மாலைநேர வேலை.

இரண்டாவதாக, அந்த அறிக்கை கேட்காததை நாம் கேட்க வேண்டும். தொழிலாளரில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று படிவம் கேட்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல்வது நம் இயக்கங்களின் கோரிக்கையாக வேண்டும்.

மூன்றாவதாக, தனி ஒருவரின் கொள்முதல் ஆலையை அசைக்காது. விலை, பாதுகாப்பு, எரிபொருள் செலவு ஆகியவற்றைப் பார்த்த பின், இரண்டு கார்கள் சமமாக நின்றால், அங்கீகரிக்கப்பட்ட சங்கமும் கூடுதல் நிரந்தரத் தொழிலாளரும் உள்ள ஆலையின் காரைத் தேர்ந்தெடுக்கலாம். கடன் வாங்கி வண்டி எடுப்பவரிடம் அதற்கு மேல் தியாகம் கேட்பது முறையாகாது. நூற்றுக்கணக்கில் வாகனம் வாங்கும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் வேறு நிலையில் உள்ளன. சிப்காட் நிலமும் வரிச் சலுகையும் அளிக்கும் மாநில அரசுக்கு, சங்க அங்கீகாரத்தையும் பட்டியல் சாதியினருக்கான வேலைப் பங்கையும் நிபந்தனையாக வைக்கும் வலிமை உண்டு.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவுள்ள சங்கத்துக்கே தனித்துப் பேசும் தகுதியை அளிக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் விடுபட்டால், ஆலையின் உழைப்பில் பெரும் பகுதி குரலற்றுப் போகும். விருத்தாசலத்தின் சூளைகளுக்கும் இருங்காட்டுக்கோட்டையின் உற்பத்தி வரிசைக்கும் பொதுவான கேள்வி அங்கேதான் இருக்கிறது: பொருளில் ஊர்ப்பெயர் பொறிக்கப்படும்போது, அதைச் செய்தவரின் பெயர் பணியாளர் பதிவேட்டில் இருக்கிறதா?