சொப்புச் சாமானும் கடைசல் பட்டறையும்: தொழிலை யாருக்குக் கற்றுத் தருவது?

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் அருவிக்குப் போகும் வழியெல்லாம் கடைகள்தான். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்... இவற்றுக்கு நடுவில் கலர் கலராகச் சொப்புச் சாமான். அம்மி, உரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு, கரண்டி என்று ஒரு முழு அடுப்படியே உள்ளங்கை அளவில் இருக்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் முதன்முதலில் 'சமைத்தது' இதில்தான். (பையன்கள் பம்பரத்தோடு ஒதுங்கிக் கொள்வார்கள். அதுவும் கடைசல் மரம்தான் என்பது வேறு விஷயம்!)

இன்று அந்தக் கடைகளில் பிளாஸ்டிக் சொப்புதான் கண்ணில் அதிகம் படுகிறது. மரச் சொப்புக்குப் பெயர் போன ஊர் அம்பாசமுத்திரம். தென்காசியிலிருந்து நெல்லைக்கு ரயிலில் போனால் வழியில் வரும். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அம்பாசமுத்திரம் நெல்லையோடு நின்றுவிட்டது. ஆனாலும் அந்த ஊர்ச் சொப்புக்கு இந்தப் பக்கத்தில் உள்ள மவுசுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

இந்த வேலைக்குத் தமிழில் 'கடைசல்' என்று பெயர். மோர் கடைவது, மரம் கடைவது இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதில் பொருத்தமும் இருக்கிறது. மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும் அல்லவா? மின்சாரம் வருவதற்கு முன் மரக் கடைசலும் அப்படித்தான். ஒருவர் கயிற்றை இழுப்பார், மரக்கட்டை இரண்டு முளைகளுக்கு நடுவில் சுழலும், இன்னொருவர் உளியைப் பிடிப்பார். கட்டை தன் பக்கம் சுழலும்போது மட்டும் உளி பட வேண்டும், திரும்பும்போது விலக வேண்டும். இரண்டு பேரின் கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் உரல் உரலாக வராது. மோட்டார் வந்த பிறகு கயிறு இழுப்பவர் தேவைப்படவில்லை. சின்னப் பையனாகக் கயிறு பிடித்துக்கொண்டே உளி வேலையைப் பார்த்துப் பழகும் இடமும் அதோடு போயிற்று.

அம்பாசமுத்திரத்துச் சொப்புக்குப் பழைய மரம் மஞ்சள் கடம்பு. பெயருக்கேற்ப மஞ்சள் நிறம், நெருக்கமான இழை. உளி பட்டால் பிசிறில்லாமல் சீவிக்கொண்டு வரும்.

வெட்டிய உடனே மரத்தில் நிறையத் தண்ணீர் இருக்கும். அந்தப் பச்சை மரம் கைக்கருவிக்கு மிக இணக்கமானது, உளி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பச்சையில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் முட்டை வடிவத்துக்குப் போவது இதனால்தான். கரண்டிக்கு இது பெரிய பாதகமில்லை. சொப்புக் குடத்துக்கு மூடி உண்டே! மூடி உட்கார வேண்டுமென்றால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எது பச்சையில் செய்யத் தக்கது, எது காயும்வரை காத்திருக்க வேண்டியது என்று தெரிந்திருப்பதே பாதித் தொழில்.

கடைந்த பிறகு அரக்கு. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்கிற சூட்டிலேயே உருகி மரத்தில் படிந்துவிடும். தூரிகையும் வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம். கர்நாடகத்துச் சென்னபட்டணாவிலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் இதே முறைதான். அங்கே மேலே பளபளப்பு ஏற்றுவது தாழை ஓலையால்.

மஞ்சள் கடம்பு காட்டு மரம். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே இருக்கும் மலையில் முண்டந்துறை 1962-லும், களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. இரண்டும் சேர்ந்து 1988-ல் புலிகள் காப்பகமானது. காட்டைக் காப்பாற்றியது சரியான காரியம், தாமிரபரணியில் தண்ணீர் ஓடுவதே அந்தக் காட்டால்தான். ஆனால் பட்டறைக்கு மரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மட்டும் யாரும் பதில் வைக்கவில்லை. கடைசல்காரர்கள் ரப்பர் மரத்துக்கும் யூகலிப்டசுக்கும் மாறினார்கள். ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த பிறகு வெட்டப்படுவது, அந்த வகையில் நல்லதுதான். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் வந்துவிடும், மருந்தேற்றாமல் வைக்க முடியாது.

மரம் போனது பாதிக் கதை. கற்றுக்கொள்ள ஆள் போனது மீதிக் கதை.

இங்கிலாந்தில் ஹை விகாம் என்ற ஊர் நாற்காலிக்குப் பேர் பெற்றது. அதைச் சுற்றியிருந்த சில்டர்ன் மலைக்காடுகளில் 'பாட்ஜர்' என்று அழைக்கப்பட்ட கடைசல்காரர்கள் பீச் மரத்தை வெட்டி, பச்சையாகவே பிளந்து, காலால் மிதித்து ஓட்டும் கடைசல் பொறியில் நாற்காலிக் கால்களைக் கடைந்து தொழிற்சாலைகளுக்கு விற்றார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. பிறகு அதை எடுத்து நிறுத்தியவர்கள் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் அல்ல. மைக் அபட் என்பவர் பச்சை மர வேலை பற்றி 1989-ல் புத்தகம் எழுதினார், காட்டிலேயே வகுப்பு நடத்தினார். 1990-ல் இத்தகைய கடைசல்காரர்களுக்கு ஒரு சங்கமே அமைந்தது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சேர்ந்து ஒரு வாரத்தில் ஒரு ஸ்டூலோ நாற்காலியோ செய்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்ற நிலை வந்தது.

நம் ஊரில் இதை அப்படியே செய்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. 'கிராமத்துப் பிள்ளைக்குக் கைத்தொழில்' என்று சொன்னாலே தமிழ்நாட்டில் ஒரு பழைய காயம் வலிக்கும்.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழிலை நடுவில் வைத்து அதன் வழியாகக் கணக்கு, அறிவியல் எல்லாம் கற்பது. இதில் எந்தப் பிள்ளையும் எந்தத் தொழிலும் கற்கலாம். 1953-ல் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமோ வேறு மாதிரி. கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாட நேரம் மூன்று மணியாகக் குறைந்தது, மீதி நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு முழு நேரம் பள்ளி, கிராமத்துப் பிள்ளைக்கு அப்பா தொழில்! எதிர்த்தவர்கள் வைத்த 'குலக்கல்வி' என்ற பெயரே நிலைத்தது. பெரியாரும் திராவிட இயக்கமும் தீவிரமாகப் போராடினார்கள், காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது.

அந்த எதிர்ப்பு நியாயமானது. கடைசல்காரர் மகன் கல்லூரிக்குப் போய் வேறு வேலைக்குப் போனால், "பாரம்பரியம் அழிகிறதே" என்று சொப்பைக் காசு கொடுத்து வாங்காதவர்கள் கண்ணீர் விடுவதில் அர்த்தமில்லை. அந்த அப்பா விரும்பியதும் அதைத்தான்.

எழுபது வருடம் கழித்தும் அந்த வாதம் ஓயவில்லை. 2023 செப்டம்பர் 17-ல் மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், இரண்டு தவணைகளில் 3 லட்சம் வரை கடன். விண்ணப்பிப்பவர் குடும்பத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும், குறைந்தபட்ச வயது 18 என்ற நிபந்தனைகளைத் தமிழ்நாடு அரசு ஆட்சேபித்தது. இந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் கடிதம் எழுதிவிட்டு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் 25 தொழில்கள், சாதி நிபந்தனை கிடையாது, குறைந்தபட்ச வயது 35.

சாதியை நீக்கியது சரி. ஆனால் வயதைப் பாருங்கள். 35 வயதில் கடன் வாங்குபவர் ஏற்கெனவே தொழில் தெரிந்தவர். பள்ளி முடித்த, எந்தக் குடும்பத்தையும் சேர்ந்த, கடைசல் பழக ஆசைப்படும் 20 வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ இதில் இடமில்லை. விஸ்வகர்மாவில் பயிற்சி உண்டு, ஒரு நாளைக்கு 500 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள், மேற்பயிற்சி 15 நாளோ அதற்கு மேலோ. குடத்துக்கு மூடி சரியாக உட்காரும்படி கடைவதற்கு 15 நாள் போதும் என்று எந்தக் கடைசல்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்! கைவினைஞர் ஒருவரையே குருவாக வைத்துச் சிறு குழுவுக்குக் கற்றுத் தரும் 'குரு சிஷ்ய' முறைப் பயிற்சி ஒன்று மத்தியக் கைவினைத் துறையிடம் இருக்கிறது. இந்த மூன்றில் சொப்புக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான். ஆனால் பத்திரிகைத் தலைப்புகளில் அடிபடுவது கடன் திட்டங்கள் மட்டுமே.

2025-ன் கடைசியில் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இது வெறும் அலங்காரப் பட்டம் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சின்னப் பட்டறைக்குச் சோதனைக் கூடச் செலவு கட்டுபடியாகாது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளின் பதிவு பெற்ற பயன்பாட்டாளர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. ஊருக்குக் குறியீடு வந்ததோடு வேலை முடிவதில்லை, ஒவ்வொரு கடைசல்காரரும் தன் பெயரைப் பதிய வேண்டும்.

மரத்துக்கும் ஒரு வழி இல்லாமலில்லை. ஏட்டிகொப்பாகாவில் சி.வி. ராஜு செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயங்களை மறுபடி அரக்கில் கொண்டுவந்தார், 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் ஊரிலும் சரி, சென்னபட்டணாவிலும் சரி, கடைவது ஒரே மரத்தைத்தான். தமிழில் அதற்கு வெட்பாலை என்று பெயர். நம் பக்கத்து வறண்ட மலையடிவாரங்களிலும் வளர்கிறது. இங்கே அதன் இலையைப் பறித்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துத் தோல் வியாதிக்குத் தைலம் எடுக்கிறோம். மரத்தைக் கடைசல் பட்டறைக்கு என்று நட்டு வளர்ப்பதுதான் இன்னும் நடக்கவில்லை.