டூர் வேற... களஆய்வு வேற! மதுரையைச் சுற்றி 3 இடங்களில் பி.ஏ. மாணவர்கள் என்ன படிக்கலாம்? முழு விவரம்

கலைக் கல்லூரிகளில் வருஷத்துக்கு ஒரு முறை பஸ் பிடித்து எங்காவது போய் வருவது வழக்கம். கோயில், அருங்காட்சியகம், குரூப் போட்டோ, மதிய சாப்பாடு, வீடு திரும்பல். இதற்குப் பெயர் கல்விச் சுற்றுலா. ஆனால் தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் மாணவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது களஆய்வு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அதிகம் செலவில்லாமல் இதை எப்படிச் செய்வது? மதுரையை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

களஆய்வு என்றால் என்ன?

ஒரு கேள்வியோடு ஓர் இடத்துக்குப் போய், அங்கே பார்த்ததையும் கேட்டதையும் பதிவு செய்து, பதிலோடு திரும்புவதுதான் களஆய்வு. பதில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி இன்னும் தெளிவாகியிருக்கும்.

சுற்றுலாவில் கைடு சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதும். களஆய்வில் அவர் சொல்வதும் ஒரு சான்றுதான். அதைக் கல்வெட்டோடும், நூலோடும், ஊர்க்காரர்கள் சொல்வதோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு வெளிநாடோ, வெளிமாநிலமோ போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து 30 கி.மீ.க்குள் டவுன் பஸ்ஸில் போய் ஒரே நாளில் திரும்பும் தூரத்திலேயே மூன்று வகை களங்கள் இருக்கின்றன.

1. மாங்குளம்: கேள்வி - கல்வெட்டில் உள்ள ஊர் இப்போது எங்கே?

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் போகும் வழியில் மீனாட்சிபுரம் அருகே உள்ள மலைக் குகைகளில் தமிழ் பிராமி கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882-ல் ராபர்ட் சீவல் இவற்றை வெளியுலகுக்குத் தெரிவித்தார். இந்த வகை குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்பதை 1924-ல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இவற்றில் இருப்பதை 1960-களில் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். இவை கி.மு. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அவருடைய கணிப்பு.

கண்டுபிடித்ததிலிருந்து மன்னன் பெயர் வெளிச்சத்துக்கு வரவே சுமார் 80 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பாறையில் உள்ள எழுத்து ஒன்றுதான். திரும்பத் திரும்ப அங்கே போய்ப் பார்த்தவர்களால்தான் வாசிப்பு மாறியது.

இங்குள்ள கல்வெட்டு ஒன்றில் 'வெள்ளறை நிகமம்' என்ற வணிகக் குழு வருகிறது. இந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாணவர்களுக்கான வேலை இங்கே ஆரம்பிக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்கள், வயல் பெயர்கள், கண்மாய்ப் பெயர்கள், பழைய பாதைகள் எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியலிடலாம். வரைபடத்தில் இல்லாத பல பெயர்கள் பேச்சில் மட்டும் இருக்கும்.

2. கீழடி: கேள்வி - பானையில் பெயர் எழுதியவர் யார்?

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது கீழடி. மத்திய தொல்லியல் துறை 2014-15-ல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. 4-ம் கட்டத்திலிருந்து தமிழக தொல்லியல் துறை நடத்தி வருகிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் பரிசோதனையில் தெரியவந்தது. இங்கு கட்டப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்டது.

தமிழ் படிப்பவர்கள் நின்று பார்க்க வேண்டியது கீறல் எழுத்துள்ள பானை ஓடுகளை. 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. ஆதன் என்ற பெயர் சங்க இலக்கியத்திலும் வருகிறது, அங்கே சேர மன்னர்களுக்கும் உண்டு. அப்படியானால் சமையல் பானையில் எழுதப்பட்ட ஆதன் யார்? சொந்தக்காரரா, செய்தவரா? வகுப்பில் படித்த சங்க நூல்களில் வரும் ஆட்பெயர்களை ஒரு பட்டியலாகவும், பானை ஓடுகளில் கிடைத்த பெயர்களை இன்னொரு பட்டியலாகவும் வைத்து ஒப்பிட்டாலே நல்ல ஒரு செமஸ்டர் பிராஜெக்ட் ரெடி.

3. அழகர்கோயில்: கேள்வி - அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார்?

சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு வந்து வைகையில் இறங்குவது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அண்ணன், கல்யாணம் முடிந்துவிட்டது தெரிந்து கோபித்துத் திரும்பினார் என்பது மக்கள் சொல்லும் கதை. மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வந்தார் என்பது கோயில் மரபு சொல்லும் கதை.

இதில் எது சரி என்று தீர்ப்பு சொல்வது ஆய்வாளரின் வேலை அல்ல. யார் எந்தக் கதையைச் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பேராசிரியர் தொ.பரமசிவன் இந்தக் கோயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள பல சமூகத்தினருக்கும் உள்ள உறவைக் களத்தில் ஆராய்ந்து எழுதிய 'அழகர் கோயில்' நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்டது. களத்துக்குப் போகும் முன் மாணவர்கள் படிக்க வேண்டிய முதல் புத்தகம் இது.

கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

* ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'கீழடி பற்றி' என்பது தலைப்பு மட்டும்தான், கேள்வி அல்ல.
* அந்த இடத்தைப் பற்றி ஏற்கெனவே வந்தவற்றைப் படியுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த விஷயத்தையே புதுசாகக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டியிருக்கும்.
* கல்லூரியின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.
* ஒரே இடத்துக்குக் குறைந்தது இரண்டு முறை போகத் திட்டமிடுங்கள். முதல் தடவை அறிமுகத்துக்கே சரியாகிவிடும்.

பேட்டி எடுக்கும்போது?

செல்போனில் ரெக்கார்டரை ஆன் செய்வதற்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் போடக்கூடாது. அவர்கள் சொன்ன சொல்லை 'நல்ல தமிழுக்கு' மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். அந்தச் சொல்தான் சான்று. தேதி, இடம், சூழல் மூன்றையும் அன்று இரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் பாதி மறந்துபோகும்.

களத்தில் செய்யவே கூடாதவை

* எழுத்து நன்றாகத் தெரிவதற்காகக் கல்வெட்டின் மேல் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து தெரியும்.
* அனுமதி இல்லாமல் மைப்படி எடுக்கக் கூடாது.
* தரையில் கிடக்கும் பானை ஓட்டைப் பைக்குள் போடக் கூடாது. இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லலாம்.
* மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இதெல்லாம் மார்க்குக்காக மட்டும்தானா?

இல்லை. மாங்குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அரிட்டாபட்டி. தமிழ் பிராமி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், நீர்நிலைகள், அரிய பறவைகள் உள்ள ஊர். அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் பகுதியைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது.

சரியாக 2 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், இந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவை மத்திய அரசு அறிவித்தது. மக்கள் போராடினார்கள். டிசம்பர் 9-ம் தேதி சட்டப்பேரவையில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ம் தேதி மேலூர் பகுதி மக்கள் மதுரையை நோக்கிப் பேரணி வந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி ஏலம் ரத்து செய்யப்பட்டது.

விவசாயமும் வாழ்வாதாரமும்தான் மக்களின் முதல் கவலை. அதோடு சேர்த்து, இந்த மலைகளில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலையும் அவர்களால் முன்வைக்க முடிந்தது. அந்தப் பட்டியல் ஒரே நாளில் தயாரானது அல்ல. பல ஆண்டுகளாக மலையேறி, படித்து, எழுதி வைத்தவர்களின் உழைப்பு அது. பதிவு இல்லாத மலை, அரசுக் கோப்பில் வெறும் கல் என்றுதான் இருக்கும்.

திரும்பி வந்த பிறகு?

அறிக்கையை கல்லூரியில் சமர்ப்பித்ததோடு வேலை முடியவில்லை. ஒரு பிரதியை அந்த ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்க வேண்டும். பேட்டி கொடுத்தவர்களுக்கு அவர்கள் பேசிய பகுதியைக் காட்ட வேண்டும், தப்பிருந்தால் அவர்களே திருத்துவார்கள். ஆடியோ, போட்டோக்களைத் தேதி போட்டுத் துறையில் சேமித்து வைத்தால், அடுத்த வருஷம் வரும் ஜூனியர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.